ஹெம்ப் ஆராய்ச்சிக்கு உரிமம் கேட்கப் போகிறவர்களுக்கு

நார், விதை எண்ணெய், சுவர் கட்ட உதவும் ஹெம்ப்கிரீட், மண்ணில் தேங்கிய கன உலோகங்களை உறிஞ்ச வைப்பது என்று ஏதோ ஒரு காரணத்துக்காகத் தொழில்துறை ஹெம்ப் (போதை தரும் பொருள் மிகக் குறைந்த கஞ்சாச் செடி ரகங்கள்) வளர்க்க ஆசைப்பட்டு, யாரிடம் போய் அனுமதி கேட்பது என்று தெரியாமல் நிற்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் சிறு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பேசப்போவது இந்தியச் சட்டத்தை வைத்து. நான் வழக்கறிஞர் கிடையாது, இந்தக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வயலுக்கும் ஆய்வகத்துக்கும் அலுவலகத்துக்கும் அலைந்தவன். அதனால் கடைசி வரைவை ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செடியை வைத்து நீங்கள் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியாக அனுமதி வேண்டும். விதைக்க அனுமதி கிடைத்துவிட்டது, அப்படியென்றால் வெட்டி எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோகவும் அனுமதி உண்டு என்று நாமே நினைத்துக்கொள்கிறோம் பாருங்கள், மாட்டிக்கொள்வது அங்கேதான். விதை வந்து இறங்கும் நாளிலிருந்து கடைசித் தண்டு எரிந்து சாம்பலாகும் நாள் வரை, செடி எந்த இடத்தில், யார் கையில், எந்த வடிவத்தில் இருக்கும் என்று ஒரு தாளில் வரைந்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே எழுத்துப்பூர்வமான அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருக்கும் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு குற்ற வழக்காக மாறக்கூடியது.

பெயரில் தொடங்குங்கள்

ஹெம்ப் என்றதும் தமிழில் சணல் என்று எழுதிவிடுகிறோம். சாக்குப்பை தைக்கும் சணல் வேறு செடி, அது ஜூட். பசுந்தாள் உரத்துக்காக வயலில் விதைத்து மடக்கி உழும் சணப்பைக்கு ஆங்கிலத்தில் சன் ஹெம்ப் என்று பெயர், அது பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. புளிச்சைக்கு டெக்கான் ஹெம்ப் என்றே ஒரு பெயர் உண்டு. இவை எதற்கும் உரிமம் தேவையில்லை. நாம் பேசுவது கன்னபிஸ் சட்டைவா, கஞ்சாச் செடியின் அதே இனம். போதை தரும் டிஎச்சி என்ற பொருள் மிகக் குறைவாக இருக்கும்படி, தண்டுக்கும் விதைக்கும் என்று தேர்ந்தெடுத்த ரகங்களைத்தான் தொழில்துறை ஹெம்ப் என்கிறார்கள். விண்ணப்பத்தில் சணல் ஆராய்ச்சி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு வயலில் கஞ்சாச் செடி நின்றால், உங்கள் நேர்மையையே சந்தேகிப்பார்கள். தாவரவியல் பெயரைத் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள், அதிகாரி ஒருமுறை அதிர்ச்சி அடைந்தால் அடையட்டும்.

சட்டத்தில் எந்தப் பக்கங்களைப் படிப்பது

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், எல்லோரும் என்டிபிஎஸ் என்று சொல்வது. முழுவதையும் முதல் நாளே படிக்க முடியாது. 2, 8, 10, 14, 20, 35, 37, 46, 54 என்ற ஒன்பது பிரிவுகளை மட்டும் அச்செடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று தடவை நிதானமாகப் படியுங்கள்.

பிரிவு 2-இல் வரையறைகள் இருக்கின்றன. கன்னபிஸ் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் கஞ்சாச் செடிதான் என்கிறது. டிஎச்சி எவ்வளவு என்ற கேள்வியே அங்கே எழவில்லை. டிஎச்சிக்கான வரம்பு என்று எல்லோரும் சொல்லும் 0.3 சதவீதம் இந்தச் சட்டத்தில் எங்கும் கிடையாது, மாநில அரசின் ஆணையிலும் உரிமத்தின் நிபந்தனையிலும்தான் வரும். அதே பிரிவில் கஞ்சா என்பதற்கு, பூத்த அல்லது காய்த்த நுனிகள் என்று பொருள் சொல்லியிருக்கிறார்கள். நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் விதையும் இலையும் அதில் அடங்காது. இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். நாருக்காக வளர்த்த செடியின் பூ நுனியில் டிஎச்சி 0.1 சதவீதமே இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது கஞ்சா. நீங்கள் மாதிரிக்காக வெட்டப்போவது அந்த நுனியைத்தான்.

பிரிவு 8 பயிரிடுவதைத் தடுக்கிறது, மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் விலக்குத் தருகிறது, அதுவும் சட்டமும் விதிகளும் உரிமமும் சொல்கிற முறைப்படி மட்டும். பிரிவு 10 அந்த அதிகாரத்தை மாநில அரசிடம் கொடுக்கிறது. பயிரிடுதல், உற்பத்தி, வைத்திருத்தல், எடுத்துச் செல்லுதல், மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுவருதல், அனுப்புதல், விற்றல், வாங்குதல், பயன்படுத்துதல் என்று செயல்களை அந்தப் பிரிவு வரிசையாக எண்ணுகிறது. தாளில் வரையச் சொன்னேனே, அந்தக் கட்டங்களின் தலைப்புகளை இங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

பிரிவு 14 தனிக்கதவு. நார் அல்லது விதை எடுக்கும் தொழில் நோக்கத்துக்காகவோ தோட்டக்கலைக்காகவோ கஞ்சாச் செடி பயிரிட அரசு ஆணை போட்டு அனுமதிக்கலாம் என்கிறது. அரசு என்ற சொல் மத்திய அரசையும் மாநில அரசையும் சேர்த்துக் குறிக்கும் என்று 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம் சொன்னாலும், நடைமுறையில் நீங்கள் தட்ட வேண்டிய கதவு மாநிலத்தில்தான் இருக்கிறது. இது இந்தியா மட்டும் கொடுத்த சலுகையும் கிடையாது. 1961-ஆம் ஆண்டின் ஐ.நா. ஒற்றை உடன்படிக்கையே தன் 28-ஆவது பிரிவில் நார், விதை, தோட்டக்கலைக்கான சாகுபடிக்குத் தான் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. 2012-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசியக் கொள்கையும், டிஎச்சி குறைந்த ரகங்களில் ஆராய்ச்சியை ஊக்குவிப்போம், சாகுபடி விஷயத்தில் சான்றுகளைப் பார்த்து எச்சரிக்கையோடு முடிவெடுப்போம் என்கிறது. முகப்புக் கடிதத்தில் இந்த இரண்டையும் மேற்கோள் காட்டுங்கள், கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குக் கையெழுத்துப் போடத் தைரியம் வரும்.

தண்டனை என்ன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அனுமதியில்லாமல் பயிரிட்டால் பிரிவு 20-இன்படி 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கஞ்சா 20 கிலோவைத் தாண்டிவிட்டால் வணிக அளவு, அதற்கு 10 முதல் 20 ஆண்டுகள். பிரிவு 37 காரணமாக ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம். ஒரு ஏக்கரில் வெட்டிய நுனிகளைக் குவித்தாலே 20 கிலோவைத் தாண்டிவிடும். அதோடு பிரிவு 35-உம் 54-உம் சேர்ந்து, செடி உங்கள் வயலில் நின்றது என்று நிரூபணமானால் குற்ற எண்ணம் இல்லை என்று காட்டும் பொறுப்பை உங்கள் தலையிலேயே வைக்கின்றன. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மற்றப் பயிர்களில் நாம் காட்டுகிற, பிறகு எழுதிக்கொள்ளலாம் என்ற மெத்தனத்துக்கு இந்தப் பயிரில் இடமில்லை.

எதற்காக வளர்க்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுத முடியாதவரை விண்ணப்பத்தைத் தொடாதீர்கள். நாருக்கும் விதைக்கும் என்றால் பிரிவு 14. பூவிலிருந்து சிபிடி என்ற, போதை தராத பொருளை எடுத்து வலி மருந்தாக ஆராய வேண்டும் என்றால் அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது, மருத்துவ, அறிவியல் நோக்கம் என்று பிரிவு 8, 10 வழியாகத்தான் போக வேண்டும். ஜம்முவில் சிஎஸ்ஐஆர் என்ற மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பின் கீழ் இயங்கும் இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம் சத்தா பண்ணையில் நடத்தும் ஆராய்ச்சி மருந்தை நோக்கியது. உத்தராகண்டில் நடப்பது பெரும்பாலும் நாரையும் விதையையும் நோக்கியது. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கலந்து, நார் எடுத்தபின் மீதிப் பூவிலிருந்து சிபிடியும் பார்ப்போம் என்று கடைசிப் பத்தியில் ஒரு வரி சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரி கோப்பைப் பல மாதங்களுக்குத் தூங்க வைக்கும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு தனி விண்ணப்பம் போடுங்கள்.

எந்த மாநிலம்

உத்தராகண்ட் 2018-இல் நாட்டிலேயே முதல் மாநிலமாக வணிக அளவில் ஹெம்ப் பயிரிட உரிமம் கொடுத்தது, டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையோடு. அங்கே இது புதிதாக முளைத்த பயிர் ஒன்றுமில்லை. குமாவோன் மலைகளில் விதையை வறுத்து அரைத்துச் சட்னி செய்கிறார்கள், தண்டு நாரிலிருந்து கயிறும் பாங்கேலா என்ற முரட்டுத் துணியும் செய்யும் பழக்கம் பழையது. இமாச்சலப் பிரதேசத்தில் 2025 ஜனவரியில் அமைச்சரவை ஒரு முன்னோட்ட ஆய்வுக்கு ஒப்புதல் கொடுத்து, பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகத்திடமும் நௌனி தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்திடமும் பொறுப்பை ஒப்படைத்தது.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்த ஆராய்ச்சியில் இறங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை, வடக்கே ஏற்கெனவே உரிமம் உள்ள ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு முதல் இரண்டு பருவங்களை அங்கே செய்யுங்கள் என்பதுதான். இங்கே ‘ஆபரேஷன் கஞ்சா வேட்டை’ என்று காவல்துறை கட்டம் கட்டமாக நடத்திய பிறகு, களத்தில் இருக்கும் காவலருக்கு இந்தச் செடியைப் பார்த்ததும் வரும் எண்ணம் என்ன என்று சொல்லவே வேண்டாம். நாரைப் பதப்படுத்துவது, துணியாக்குவது, சுவர்க்கல் செய்து அழுத்தம் சோதிப்பது போன்ற, பூவும் நுனியும் சம்பந்தப்படாத வேலைகளை இங்கேயே செய்யலாம். அப்போதும் தண்டு எங்கிருந்து வந்தது என்பதற்கான தாள்கள் கையில் இருக்க வேண்டும்.

கோப்பு

விண்ணப்பம் நிறுவனத்தின் பெயரில் போகட்டும். பேராசிரியர் பெயரிலோ மாணவர் பெயரிலோ வேண்டாம், ஆள் மாறினால் உரிமமும் தொங்கிவிடும். மாநிலத்தைப் பொறுத்துக் கலால் துறைக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ போகும். எங்கே போனாலும் உள்ளே இருக்க வேண்டியவை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆராய்ச்சித் திட்டம் ஐந்து பக்கத்துக்குள் இருக்கட்டும், தாவரவியல் தெரியாதவருக்கும் புரிய வேண்டும். நில ஆவணத்தோடு, வயலின் நான்கு மூலைகளின் ஜிபிஎஸ் புள்ளிகள் குறித்த வரைபடம் வையுங்கள். வேலியும் பூட்டும் காவலும் எப்படி, சாவி யாரிடம் என்று எழுதுங்கள். வயலுக்குள் போகப்போகிறவர்கள் எல்லோருடைய பெயரும், களை பறிக்க வரும் அம்மா உட்பட, இருக்க வேண்டும். அறுவடைக்குப் பிறகு எது எங்கே போகும், மிஞ்சியதை எப்படி அழிப்போம், அழிக்கும் செலவை யார் ஏற்பது என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். நான் பார்த்த கோப்புகளில் அதிகமாகத் திரும்பி வந்தவை இந்தக் கடைசிப் பகுதி இல்லாதவைதான்.

குத்தகை நிலம் என்றால் கூடுதலாக ஒரு வேலை. தன் நிலத்தில் சட்டவிரோதமாகக் கஞ்சாச் செடி வளர்வது தெரிந்தால் உடனே தகவல் சொல்ல வேண்டிய கடமையை பிரிவு 46 நில உரிமையாளர் மேல் வைத்திருக்கிறது. அவருக்கு உரிமத்தின் நகலைக் கொடுத்து, அவர் மொழியில் படித்துக் காட்டி, ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நாலு காசு குத்தகை வருகிறது என்று தலையாட்டிய ஒரு மனிதரை நம் அலட்சியத்தால் காவல் நிலையத்துக்கு இழுக்கக்கூடாது.

விதை

2014-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் நான் சொல்ல வருவது எளிதாகப் புரியும். அந்த ஆண்டு அங்கே வந்த வேளாண் சட்டம், பல்கலைக்கழகங்களும் மாநில வேளாண் துறைகளும் ஆராய்ச்சிக்காக ஹெம்ப் வளர்க்கலாம் என்று அனுமதித்தது. கென்டக்கி மாநில வேளாண் துறை உடனே இத்தாலியிலிருந்து 250 பவுண்டு, அதாவது 113 கிலோ விதை வரவழைத்தது. லூயிவில் நகரில் சுங்கத்துறை அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. வளர்க்கத்தான் சட்டம் அனுமதிக்கிறது, முளைக்கும் விதையை இறக்குமதி செய்யத் தனி அனுமதி எங்கே என்று கேட்டார்கள். ஒரு மாநில அரசுத் துறையே மத்திய அரசின் மேல் வழக்குப் போட்டு, அப்புறம் இறக்குமதி அனுமதி வாங்கித்தான் விதையை மீட்டது. அரசாங்கத்துக்கே இதுதான் கதி என்றால் நாம் எம்மாத்திரம்!

இங்கே ஆராய்ச்சிக்கான விதையை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர டெல்லியில் உள்ள தேசிய தாவர மரபணு வளங்கள் பணியகத்தின் இறக்குமதி அனுமதி வேண்டும், தாவரத் தனிமைப்படுத்தல் சோதனையும் உண்டு. உள்நாட்டு மலை ரகங்களைச் சேகரிக்கிறீர்கள், உங்களோடு வெளிநாட்டுக் கூட்டாளியும் இருக்கிறார் என்றால், 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி முன் அனுமதி வாங்க வேண்டும். அதைக் கொடுக்கும் தேசிய ஆணையம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது, நேரில் போய்க் கேட்டுத் தெளிவு பெற நமக்குத் தூரமில்லை.

எந்த ரகம் என்பதில் அவசரப்படாதீர்கள். ஃபெடோரா, ஃபியூச்சுரா, ஃபினோலா என்று ஐரோப்பிய ரகங்கள் டிஎச்சி குறைவுக்குப் பெயர் பெற்றவை, ஆனால் அவை நீண்ட கோடைப் பகலுக்குப் பழகியவை. ஹெம்ப் குறும்பகல் செடி, பகல் குறுகினால் பூக்கத் தொடங்கிவிடும். ஐரோப்பாவில் கோடைப் பகல் 16 மணி நேரம் நீளும் இடங்களில் இரண்டரை மீட்டர் வளரும் ரகத்தை டேராடூனில் நட்டால், அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலே 14 மணி நேரம்தான், சீக்கிரமே பூத்துக் குட்டையாக நின்றுவிடும். சென்னையில் அந்த நீண்ட பகலும் 13 மணியை எட்டாது. முழங்கால் உயரத்தில் பூத்த செடியிலிருந்து நார் எடுத்து ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது. அட்சரேகையைப் பார்த்து ரகம் கேளுங்கள், முதல் பருவத்தில் சிறு பாத்திகளில் பூக்கும் நாளை மட்டும் குறித்துக்கொண்டாலும் அது வீண் போகாது.

0.3 என்ற எண்

1976-இல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் க்ரான்குவிஸ்ட் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் வகைப்பாட்டு வசதிக்காக ஒரு கோடு போட்டார்கள், இளம் இலைகளின் உலர் எடையில் 0.3 சதவீதம். போதை தொடங்கும் இடம் என்று அவர்கள் சொல்லவில்லை. பிறகு உலகின் பல நாடுகளில் அதுவே சட்டமாகிவிட்டது. கனடா, அமெரிக்கா, இப்போது ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் இதே எண்ணைத்தான் வைத்திருக்கின்றன.

உங்கள் உரிமத்தில் இந்த எண் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் பயிரின் தலைவிதி இருக்கிறது. பச்சைச் செடியில் டிஎச்சி பெரும்பாலும் அமில வடிவத்தில், டிஎச்சிஏ என்று இருக்கும். சூடுபட்டால் டிஎச்சியாக மாறும். மொத்த டிஎச்சி என்று கேட்டால், டிஎச்சிஏவை 0.877-ஆல் பெருக்கி டிஎச்சியோடு கூட்ட வேண்டும். ஒரு மாதிரியில் டிஎச்சிஏ 0.31, டிஎச்சி 0.04 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டிஎச்சி மட்டும் என்று உரிமத்தில் இருந்தால் 0.04, தாராளமாகத் தேறியது. மொத்த டிஎச்சி என்று இருந்தால் 0.31, முழு வயலையும் அழிக்க வேண்டும். ஒரே வயல், ஒரே செடி! எச்பிஎல்சி கருவி இரண்டையும் தனித்தனியாகக் காட்டும், ஜிசி கருவி உள்ளே சூடாக்கும்போதே ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிடும். அதனால் எந்தக் கருவி, எந்தக் கணக்கு, செடியின் எந்தப் பகுதி, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு, அளவீட்டுப் பிழைக்கு எவ்வளவு இடம் என்ற ஐந்தையும் உரிமத்திலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். அதிகாரிக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் அமெரிக்க வேளாண் துறை 2021-இல் கொண்டுவந்த விதியைக் காட்டலாம். நுனியிலிருந்து 5 முதல் 8 அங்குலம் வெட்டுவது, அறுவடைக்கு முந்தைய 30 நாளுக்குள் எடுப்பது, உலர் எடையில் மொத்த டிஎச்சி பார்ப்பது என்று அதில் தெளிவாக இருக்கிறது.

டிஎச்சி எகிறுவதற்கு வெயிலையும் வறட்சியையும் காரணம் சொல்வார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செடிகளை வெள்ளம், காயம், களைக்கொல்லி என்று பலவிதமாக வதைத்துப் பார்த்தும், சிபிடிக்கும் டிஎச்சிக்கும் இடையிலான விகிதம் பெரிதாக மாறவில்லை. மரபுதான் முக்கியம், அப்புறம் பூவின் முதிர்ச்சி. சிபிடி ரகங்களில் டிஎச்சி கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்கிலிருந்து முப்பதில் ஒரு பங்கு வரை கூடவே ஏறும், அதனால் சிபிடி 8 சதவீதத்தைத் தொடும்போதே டிஎச்சி கோட்டருகே வந்து நிற்கும். வாரம் ஒருமுறை சோதியுங்கள், பருவ இறுதியில் மட்டும் பார்த்தால் கை மீறிப்போயிருக்கும்.

ஆய்வகம் பற்றி ஒன்று. டிஎச்சியை அளக்க, அளவு தெரிந்த தூய டிஎச்சி கொஞ்சம் வேண்டும், அதைத்தான் ஸ்டாண்டர்டு என்கிறோம். வெளிநாட்டு நிறுவனங்கள் 1 மில்லி மெத்தனாலில் 1 மில்லிகிராம் கரைத்துச் சின்னக் குப்பியில் விற்பார்கள். கம்பெனி இணையப் பக்கத்தில், உரிமம் தேவையில்லாத தயாரிப்பு என்று போட்டிருக்கும். அது அவர்கள் நாட்டு விதி. இங்கே அதைக் கொண்டுவர குவாலியரில் இருக்கும் மத்திய போதைப்பொருள் ஆணையரிடம் இறக்குமதிச் சான்று வாங்க வேண்டும். பயிர் பூத்துவிட்டது, ஸ்டாண்டர்டு இன்னும் வரவில்லை என்ற நிலை வரக்கூடாது, விதைக்கான விண்ணப்பத்தோடு இதையும் அன்றே போட்டுவிடுங்கள்.

மாதிரி பயணம்

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். உரிமம் இருந்தது, வயல் அருமையாக நின்றது, நாற்பது மாதிரிகளை வெட்டி, எண் போட்டு, அதிகாரி முன்னிலையில் சீல் வைத்தோம். ஆய்வகம் பக்கத்து மாநிலத்தில். கிளம்பும் நாள் காலையில்தான் உரிமத்தைத் திரும்பப் படித்தோம். பயிரிட, வைத்திருக்க என்று இருந்தது, எடுத்துச் செல்ல என்ற சொல் இல்லை. திருத்தம் வாங்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் பாலித்தீன் பையில் இருந்த நுனிகள் பூசணம் பிடித்துவிட்டன. ஒரு பருவத்தின் பாதித் தரவு போனது. அதன்பிறகு மாதிரிகளைக் காகிதப் பையில் வைத்து, மெல்லிய சூட்டில் உலர்த்தி, பின்புதான் சீல் வைக்கிறோம்.

மாநில எல்லை தாண்டுவது பிரிவு 10-இல் தனிச் செயல் என்று முன்பே பார்த்தோம். அனுப்பும் மாநிலம், பெறும் மாநிலம் இரண்டிலும் அனுமதி வேண்டும். கூரியரில் போடவே போடாதீர்கள், நம்பிக்கையான ஒருவர் நேரில் கொண்டுபோகட்டும். அவர் கையில் உரிமத்தின் சான்றளித்த நகல், வாகன எண், வழித்தடம், எடை, சீல் எண் எழுதிய கடிதம், பெறப்போகும் ஆய்வகத்தின் சம்மதம் எல்லாம் இருக்க வேண்டும். சோதனைச் சாவடியில் இருக்கும் நிறம் மாறும் சோதனைக் கிட்டுக்கு 0.2 சதவீதத்துக்கும் 15 சதவீதத்துக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டுக்கும் கஞ்சா என்றுதான் காட்டும். அந்த நேரத்தில் பேசுவது தாள் மட்டும்தான்.

வயலில்

விதைப்பதற்கு முன் ஊராட்சித் தலைவரையும் காவல் நிலைய ஆய்வாளரையும் நேரில் பாருங்கள். உரிம எண், நிறுவனத்தின் பெயர், இது போதை தராத ஆராய்ச்சிப் பயிர் என்ற வரி, மூன்றையும் உள்ளூர் மொழியில் எழுதிப் பலகை வையுங்கள். போதை தராது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதினால் திருட்டு குறையும்.

மலைப்பகுதியில் கஞ்சாச் செடி வேலியோரமெல்லாம் தானாக முளைத்து நிற்கும். ஹெம்ப் காற்றில் மகரந்தம் பரப்பும் செடி, அதன் தூள் பல கிலோமீட்டர் போகும். வெளியிலிருந்து வந்த மகரந்தம் இந்த வருட அறுவடையின் தண்டைக் கெடுக்காது, ஆனால் நீங்கள் எடுத்து வைக்கும் விதை அடுத்த வருடம் கலப்படமாக முளைக்கும். விதை பெருக்குவதாக இருந்தால் சுற்றியுள்ள காட்டுச் செடிகளைப் பூப்பதற்கு முன்பே பிடுங்க வேண்டும். பிடுங்கிய செடி உங்கள் கையில் இருக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கும் அனுமதி வேண்டும், அதையும் விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஒரு தடித்த பதிவேட்டில் தினமும் எழுதுங்கள், பக்க எண் அச்சிட்டது வாங்குங்கள். யார் உள்ளே வந்தார்கள், எத்தனை செடி, எத்தனை செத்தது, எவ்வளவு மாதிரி வெட்டினோம். கணினியிலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சோதனைக்கு வருகிறவர் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

அறுவடை, அழிப்பு

அறுவடைத் தேதியை எழுத்தில் முன்கூட்டியே சொல்லி, அதிகாரி வருவதை உறுதி செய்துகொண்டு அரிவாளை எடுங்கள். தண்டு, விதை, நுனி என்று மூன்றாகப் பிரித்துத் தனித்தனியாக எடை போடுங்கள். தண்டு நார் ஊற வைக்கும் தொட்டிக்குப் போகும். விதையை உணவாக ஆராய்வதாக இருந்தால் 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை அங்கீகரித்தபோது வைத்த வரம்புகளைப் பாருங்கள். விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில் 10 மில்லிகிராம் டிஎச்சி, அதற்கு மேல் கூடாது. விதைக்குள் டிஎச்சி கிடையாது என்று சொல்லலாம், மேலே ஒட்டிய பூவின் பிசினால்தான் எண்ணிக்கை ஏறும். அதனால் நன்றாகச் சுத்தம் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நுனிகளில் மாதிரி போக மிஞ்சியதை அழிக்க வேண்டும். சோதனையில் 0.3 தாண்டிவிட்டால் உரிமத்தின் நிபந்தனைப்படி முழுப் பயிரும் போகும். மனசு கனக்கும்தான். ஆனால் எந்த ரகம், எந்த உயரத்தில், எத்தனையாவது நாளில் கோட்டைத் தாண்டியது என்பதை நம் மண்ணில் அளந்த தரவு நம்மிடம் மிகக் குறைவு, நீங்கள் அழித்த வயல் அதைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறது. அந்த எண்களை மறைக்காமல் வெளியிடுங்கள், அடுத்தவர் அதே விதையை வாங்கி அதே நஷ்டத்தைப் படாமல் இருக்கட்டும்.

அழிக்கும்போது அதிகாரியும் இரண்டு சாட்சிகளும் நிற்க, எடை, நேரம், முறை எல்லாம் எழுதி மகஜர் போட்டு எல்லோரும் கையெழுத்திட வேண்டும். புகைப்படத்தில் எடைத் தராசின் எண் தெரியட்டும். விதைத்தபோது எழுதிய எண்ணிக்கையும் இங்கே அழித்த எடையும் பதிவேட்டில் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று அன்று இரவே உட்கார்ந்து சரிபாருங்கள், வித்தியாசம் இருந்தால் அதற்கான காரணத்தை நீங்களே முதலில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் அந்த மகஜரின் நகலை முதல் பக்கமாக வைத்து, அடுத்த பருவத்துக்கான புதுப்பிப்பு விண்ணப்பத்தை விதைப்புக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். உரிமம் முடிந்த மறுநாள், போன வருடம் சிந்திய விதையிலிருந்து ஒரு செடி தானாக முளைத்து நின்றாலும் அது அனுமதியில்லாத செடிதான். அதைப் பிடுங்கிப் பதிவேட்டில் எழுதுவதற்கும் கையில் நடப்பு உரிமம் இருக்க வேண்டும்.